இருப்பு: நாளைக்கு வரும்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்தது. குற்றத்தை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். நீங்களாகப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம்.

விவசாயச் சாமான்கள் விற்கும் இணையக்கடை ஒன்றின் மென்பொருளைத் தமிழாக்கினேன். ‘கூடையில் சேர்’, ‘பணம் செலுத்து’ எல்லாம் ஒழுங்காகத்தான் போயின. சரக்குத் தீர்ந்தால் திரையில் தோன்றும் வரியில் சறுக்கினேன். ‘இருப்பில் இல்லை’ என்று போட வேண்டிய இடம். நான் போட்டது: ‘நாளைக்கு வரும்.’

[அடைப்புக்குள் ஒரு தற்காப்பு: புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. “இல்லேன்னு மட்டும் சொல்லாதடா, வந்த காலு பக்கத்துக் கடைக்குப் போயிரும்” என்பார் அப்பா. வாங்க வருகிறவர்களும் அவர் முகத்தைப் பார்த்தே சங்கதியைப் புரிந்துகொள்வார்கள். திரைக்கு முகம் கிடையாது. அதை நான் யோசிக்கவில்லை.]

2

முதல் தொடக்கம்: கீரமங்கலத்தில் மல்லிகை மணக்கும் ஒரு காலைப் பொழுதில்... வேண்டாம். மணக்கவில்லை.

இரண்டாவது: கீரமங்கலத்து அன்புமொழிக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை, கிணற்றில் ஒரு சோலார் மோட்டார். கணவர் குவைத்தில். சித்திரை வெயிலில் மோட்டாரின் கன்ட்ரோலர் எரிந்தது. அந்த ரகம் நான் தமிழாக்கிய இணையக்கடையில் மட்டும்தான் உண்டு. திறந்து பார்த்தார்: நாளைக்கு வரும். மறுநாளும் பார்த்தார். பத்தொன்பது நாள் பார்த்தார்.

அவரை ஏமாளியாக எழுதிப் பார்த்தேன். என் பாரம் பாதியாகுமே என்று. ஆனால் பூக்கமிஷன் கடையில் ஐந்து கிராமுக்காகப் பூவை மறுபடி நிறுக்கவைக்கிற பெண்ணை எப்படி நான்...

3

தமிழில் வரும் புகார்களை ஆங்கிலமாக்குவதும் என் வேலை. அவருடைய புகாரில் அலைபேசி எண் இருந்தது. அழைத்தேன்.

“கடையிலேருந்தா பேசுறீங்க?”

“அதுல தமிழ் எழுதுனவன் பேசுறேங்க.”

“நீங்கதானா அது! மத்ததெல்லாம் கவர்மெண்டு நோட்டீசு மாதிரி கெடக்கு. நாளைக்கு வரும்னது ஒண்ணுதான் மனுசன் பேசுன மாதிரி இருந்துச்சு. அதான் நம்பிப்புட்டேன்.”

திட்டியிருக்கலாம்.

“அங்கிட்டுப் பாதி கருகிப்போச்சுங்க. இங்கிட்டு முந்நூறு செடி உசுரோட நிக்கிது. வராதுன்னா சொல்லிப்புடுங்க, வளையலை அடகு வச்சு இன்னைக்கே வாடகைக்கு டீசல் இஞ்சினைக் கொண்டாந்துருவேன். வரும்னா இன்னும் ஒரு நாள் கொடத்துல ஊத்திப் பாக்குறேன். வருமா, வராதா?”

4

வராது. அந்த ரகத்தைச் செய்வதையே நிறுத்தி எட்டு மாதமாகிறது. எனக்குத் தெரியும்.

ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறேன், முந்நூறு செடி பிழைக்கிறது. (வாயைத் திறந்து பார்த்தேன். ‘இல்லை’ என்பது நாற்பத்தாறு வருடமாக எங்கள் பாத்திரக்கடையில் வைக்காத சரக்கு.)

இன்னொரு முடிவு: ‘நாளைக்கு’ என்று ஆரம்பித்து... (பாவி, நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.)

அதனால் உங்களிடம் தருகிறேன். ஒரே ஒரு சொல். உங்களுக்கு வாய் வருமென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

“அலோ... இருக்கீங்களா?”