இத்தா அறையில் புடையன்

சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது ஜவுபருக்குத் தோள் இரண்டும் கழன்று விழுவது போலிருந்தது. சூறாவளி அடித்து ஐம்பத்தெட்டு நாளாகியும் கல்முனையில் பாம்புகளுக்குப் போக்கிடம் கிடைக்கவில்லை. விழுந்த தென்னைகளுக்கடியிலும் ஓட்டுக் குவியல்களிலும் ஒண்டியிருந்தவை, தை மழைக்கு வீடுகளுக்குள் ஏறின. பாம்பு பிடிக்கச் சொல்லி இந்தக் கிழமையில் இது ஒன்பதாவது அழைப்பு. வேறு வீடென்றால் நாளைக்கு வருகிறேன் என்றிருப்பான். இது அவன் வாப்பாவின் தங்கை ஆயிஷா உம்மாவின் வீடு.

அந்தச் சூறாவளியில்தான் மாமியின் மகள் சுல்பிகாவின் புருஷன் தென்னை விழுந்து மௌத்தானான். நாலு மாதமும் பத்து நாளும் இத்தா, புருஷனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் தனித்திருக்கும் காலம். அவள் உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. கூடப்பிறந்தவன் என்றால் உள்ளே போகலாம். ஜவுபர் மச்சான், கட்டிக்கொள்ளும் முறை. ஒரு காலத்தில் கட்டுவதாகவும் இருந்தது. மாமா வயல்காரனாகப் பார்த்து மாப்பிள்ளை எடுத்ததோடு அந்தக் கதை நின்றது. பிறகு ஜவுபரும் கட்டினான். அவன் மனைவி மௌத்தாகி ஆறு வருடம்.

"வெங்கணாந்திக் குட்டிதான் மனே," என்றாள் மாமி, ஏதோ மலைப்பாம்புக் குட்டி என்ற நினைப்பில். கையில் விளக்குமாறு இருந்தது. "இதால தள்ளிடலாம் எண்டு போனன். அவள்தான் உனக்கு ஆளனுப்பச் சொன்னாள்."

"எங்க கிடக்கு?"

"கட்டிலுக்குக் கீழ. அவள் மேல இரிக்காள். நீ உள்ள போக ஏலா மனே."

ஜவுபர் வாசல் திரைக்கு முன்னால் குந்தினான். "சுல்பிகா, அதுர முதுகப் பார்த்துச் சொல்லு. திட்டுத் திட்டாக் கலந்து கிடக்கா, தனித்தனி வளையமா?"

கட்டில் லேசாக முனகியது.

"வளையம்தான். சங்கிலி மாதிரி மூணு வரிசை." பதினாறு வருடம் கேட்காத குரல், கொஞ்சம் தடித்திருந்தது. "சீறுது மச்சான். டியூபில காத்துப் போற மாதிரி."

"அசையாத. காலத் தொங்கப் போடாத." மாமியிடம் திரும்பினான். "புடையன் மாமி, விரியன் சாதி. அந்த விளக்குமாறோட கிட்டப் போயிருந்தா உங்களத் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கணும்."

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப இத்தா?" என்றாள், பாம்பிடமே கெஞ்சுவது போல.

"போர்வையால மூடிக்கிறன் உம்மா," என்றது உள்ளிருந்து குரல். "மச்சான் பாம்பைப் பார்ப்பாரா, என்னைப் பார்ப்பாரா?"

"இந்த நேரத்திலயும் உனக்குப் பகிடி."

அவன் தரையைப் பார்த்தபடியே நுழைந்தான். கொண்டு வந்த எண்ணெய்த் தகரத்தைச் சுவரோரம் படுக்க வைத்தான். கட்டிலின் கீழே பழுப்பு நிறச் சுருள். அதற்கு ஒரு சாண் மேலே வெள்ளைப் போர்வையின் நுனி தொங்கியது. "தொங்கிறத மெல்ல எடு," என்றான். வெள்ளை, மயிரிழை மயிரிழையாக மேலே போனது. அவன் கண் அதன் பின்னால் போகவில்லை. நீளக் கம்பால் பாம்பின் பின்பக்கத்தைத் தொட்டான். சீறி, சுருண்டு, மறுபடி சீறி, கடைசியில் இருட்டைத் தேடித் தகரத்துக்குள் புகுந்தது. கம்பின் நுனியாலேயே தகரத்தை நிமிர்த்தி மூடியை அழுத்தினான்.

அவன் திரைக்கு வெளியே வந்ததும் அவள் குரல் தொடர்ந்தது. "அடிச்சுப் போடுவீங்களா?"

"இல்ல. சொறிக்கல்முனைக்கு அங்கால பத்தைக் காட்டில விடுவன். வயலோரம் விட்டா, கதிர் வெட்டுக்கு இறங்கிறவங்கட காலுக்கு வந்திடும்."

"களைச்சுப் போயிட்டீங்க மச்சான்."

"ஓம்."

"இத்தா முடிய இன்னும் எழுபது நாள் இரிக்கி," என்றாள். அவன் தகரத்தின் மூடியை இன்னொரு தரம் அழுத்தினான். மாமி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அசர் நேரத்துப் பின்னேர வெயிலில், பற்றைகளுக்கு நடுவே தகரத்தைச் சாய்த்து, கம்பால் மூடியை நெம்பித் தள்ளிவிட்டு விலகி வந்தான். பாம்பு வெளியே வரவில்லை. வழக்கமாகத் தகரத்தின் அடியில் இரண்டு தட்டுத் தட்டுவான். இன்று கம்பைக் கீழே போட்டுவிட்டு, தானாக வரட்டும் என்று சைக்கிளருகே உட்கார்ந்தான். தகரத்தின் வாய்க்குள் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முதல் வளையம் தெரிந்தது, பிறகு இரண்டாவது.