சுவருக்கு அந்தப் பக்கம்

அம்மாவின் கால் நகங்களை மகள் வெட்டிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தாள். மாடிவீட்டு மருந்துக்கடைக்காரரின் மனைவி. கையில் பேனாவும் தாள்களும்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாரு டாக்டர்."

மாடிவீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். "நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. மார்க் பாத்துப் பிரிச்ச செக்ஷனை எல்லாம் அடுத்த வருஷம் கலந்துடப் போறாங்களாம் ஸ்கூல்ல. வேண்டாம்னு எழுதிக் குடுக்கறோம். நம்ம பொண்ணுங்க ஏ செக்ஷன். கடைசி செக்ஷன் பசங்களோட உக்காந்தா உருப்படுமா?"

"நானும் கையெழுத்துப் போடணும்னுதான் இருக்கேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்களேன்."

உள்ளே திரும்பியதும் அம்மா கேட்டாள்: "என்னடி காகிதம்?" உடம்பு பாதியாகியும் காது மட்டும் மங்கவில்லை. மகள் விவரம் சொன்னாள். அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது.

"நீ படிக்கறப்பவும் வந்துச்சே இதே காகிதம். தெருவே கையெழுத்துப் போட்டுச்சு."

"நீ மட்டும் போடல. நான் ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தேன்."

"மூணாம் நாள் எனக்கும் சேத்து சாப்பிட்டியே."

மகளுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் கேட்காததை, அடுத்த விரலைப் பிடித்தபடியே கேட்டாள். "ஏம்மா போடல?"

அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கடைசி செக்ஷன்டி."

நகவெட்டி அப்படியே நின்றது.

"எங்களுக்கு வாத்தியாரே வரமாட்டாரு. வந்தாலும் பேப்பர் படிப்பாரு. பக்கத்து வகுப்புல சொல்லிக் குடுக்கறது சுவர் வழியா கேக்கும். காதை வெச்சுக் கேப்பேன். வாய்ப்பாடு பூரா அப்படித்தான் வந்துச்சு. ஆனா போர்டுல எழுதறது கேக்காது இல்ல?"

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"உன் ஸ்கூல் ஃபாரத்துல தாயாரின் படிப்புன்னு இருந்துச்சு. பரவாயில்லைன்னு எழுதிக் குடுத்தேன். யாரும் ஒண்ணும் கேக்கல." தன் பேச்சைத் தானே ரசித்துக்கொண்டு அம்மா கண்ணை மூடினாள். "சுண்டுவிரலை விட்டுட்ட பாரு."

அதையும் வெட்டிவிட்டு மகள் பால் சூடாக்கப் போனாள். திரும்பி வந்தபோது அம்மா தூங்குவதுபோலத்தான் கிடந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, சூடு போகாத அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. பேக்கரியில் அம்மாவோடு மாவு பிசைந்தவர்கள் வந்து, அவள் முதலாளியிடம் பேசிய பேச்சையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்து, அழுது, போனார்கள். காலியான வாடகை நாற்காலிகளுக்கு நடுவே மாடிவீட்டுக்காரி மட்டும் நின்றாள். தோளில் கைப்பை, அதில் தாள்களின் நுனி.

"அதுக்காக வரலைங்க," என்றாள் அவசரமாக.

"நான் போடல. தப்பா நினைச்சுக்காதீங்க. எங்கம்மா கடைசி செக்ஷன்ல படிச்சவங்களாம். நேத்துதான் தெரிஞ்சுது."

மாடிவீட்டுக்காரி பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எங்க ஸ்கூல்ல எஃப் வரைக்கும் இருந்துச்சு," என்றாள். "நான் எஃப். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. என் பொண்ணு அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னுதான் வீடு வீடா அலையறேன்."

"டீ போடட்டுமா?" என்றாள் மகள்.

"இருக்கட்டும். மொதல்ல இதையெல்லாம் எடுத்து வெச்சுடலாம். வண்டிக்காரர் வந்துடுவாரு." தாள்களை நாலாக மடித்துப் பைக்குள் ஆழத் திணித்துவிட்டு எழுந்தாள்.

இருவரும் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒன்று மட்டும் கோணலாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை.

"நீங்க கீழ பிடிங்க," என்றாள் மகள். "நான் ஆட்டறேன்."