பின்னால் உட்கார்ந்திருப்பவள்

துருவி என்பது அவள் பெயர் இல்லை, கூடப் படித்தவர்கள் வைத்த பட்டம். யார் எதைச் சொன்னாலும் "ஏன்? அப்புறம்?" என்று துருவித் துருவிக் கேட்டு உயிரை எடுத்துவிடுவாள். பச்சை குத்தும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. முடிவெட்டும் கடைக்கு மேலே, மாடியில் அவளுக்கு ஒரே ஓர் அறை. ஒரு சாய்வு நாற்காலி, மை வைக்கும் மேசை, சக்கரம் வைத்த ஒரு நிலைக்கண்ணாடி. சுவரில் ஓர் அறிவிப்பு: "வரைந்ததைப் பார்த்து, உங்கள் வாயால் சரி என்று சொன்ன பிறகே ஊசி."

கிரேக்கக் கதைகள் அவளுக்கு அலுத்துப்போன சரக்கு. வாரத்துக்கு இரண்டு பேராவது பாம்புத் தலை மெதூசா கேட்டு வருவார்கள். மெழுகு இறக்கை கட்டிப் பறந்த இக்காரஸ் வேண்டும் என்று வந்த வங்கி ஊழியர் ஒருவரிடம், "இவன் கடைசியில விழுந்து செத்துப்போறான், தெரியும்தானே சார்?" என்று கேட்டுத் தொலைத்தாள். அவர் வெலவெலத்துப்போய், ஒரு நங்கூரத்தைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதனால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் தன் மகளோடு வந்து, "யூரிடிசி போடணும்மா" என்றபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பெயரை இதுவரை யாருமே கேட்டதில்லை. அவருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபோதும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அவ்வப்போது மிதித்துக்கொண்டது.

"கதை தெரியுமா சார்?"

"பொண்ணு சொன்னா. செத்துப்போன பொண்டாட்டிய ஒருத்தன் பாதாளத்துல இருந்து கூட்டிட்டு வரான். அவன் முன்னாடி நடக்கணும், அவ பின்னாடி வருவா. வெளியில வர்ற வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கிட்டத்தட்ட வந்துட்டாங்க, அப்போ பார்த்து அவன் திரும்பிட்டான். அவ போயிட்டா."

"அவ புருஷன் ஆர்ஃபியஸையும் பக்கத்துல போடணும்தானே?"

"அவன் வேண்டாம்."

"ஏன்?"

"அதான் நான் இருக்கேனே" என்றார் மாஸ்டர்.

துருவி பென்சிலை எடுத்து, 'அவள் மட்டும்' என்று குறித்துக்கொண்டாள்.

மகள்தான் போனை நீட்டினாள். "முகம் மட்டும் எங்க அம்மாது வேணும்க்கா. அவங்களே எடுத்துக்கிட்ட படம். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது." நல்ல வெயிலில், கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஒரு பெண். கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

இடமும் மாஸ்டரே சொன்னார். இடது தோள், வெளிப்பக்கமாகக் கொஞ்சம் பின்னால் தள்ளி. "ஸ்கூட்டர்ல அவ தாடைய அங்கதான் வச்சிக்குவா. இருபத்தாறு வருஷம். உட்கார்ந்துட்டியான்னு கேப்பேன். ம், போலாம்னு சொன்னாத்தான் வண்டிய எடுப்பேன்."

ஒரு வாரம் துருவி அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினாள். அவள் பார்த்த ஓவியங்களில் எல்லாம் யூரிடிசி பயந்துபோய்க் கையை நீட்டியபடி இருட்டுக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் திரும்பிப் பார்ப்பதற்கு முந்தின நிமிடம் அவள் எப்படி இருந்திருப்பாள்? புருஷனோடு வீட்டுக்குப் போகிறாள், சிரித்துக்கொண்டுதானே நடந்திருப்பாள்? இதை ஏன் ஒருவரும் வரையவில்லை? துருவி அதையே வரைந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில், புடைத்துப் பறக்கும் மேலாடை, ஸ்கூட்டரில் போகிறவளுக்குப் போலக் கலைந்த முடி.

குத்துகிற நாள் வந்தது. மாஸ்டரின் தோளை மழித்து, துடைத்து, படத்தை நகலெடுத்த ஸ்டென்சில் தாளை ஒட்டி எடுத்தாள். ஊதாக் கோடுகளில் அந்தப் பெண் தோளில் ஏறி நின்றாள். துருவி கண்ணாடியை உருட்டிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நான் பார்க்க மாட்டேன். நீ குத்தும்மா."

"சார், அழிக்க முடியாத சமாச்சாரம் இது. பார்க்காம எப்படி?"

"கதையே அதுதானேம்மா."

"கதை இருக்கட்டும். நீங்க ஏன் பார்க்க மாட்டீங்க?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "கல்யாண வீட்டுக்குக் கிளம்பினோம். நீங்க போய் வண்டிய எடுங்க, நான் பின்னாடியே வரேன்னா. கீழ வந்து வண்டியக் கிளப்பி வச்சிட்டு நின்னேன். செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. என்னடா இதுன்னு திரும்பிப் பார்த்தேன். கடைசிப் படியில கிடந்தா. டாக்டர் ஹார்ட் அட்டாக்னு சொன்னாரு. நான் திரும்பினதால ஒண்ணும் ஆகலன்னு எனக்கும் தெரியும். ஆனா பயமா இருக்கும்மா. இவளும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அறிவிப்பாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்து, துருவி மகளைக் கூப்பிட்டாள். "அப்பாவுக்குப் பதிலா நீ பார்த்துச் சரின்னு சொல்லும்மா. அது போதும்."

மகள் குனிந்து பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா மாதிரியே இருக்குக்கா. ஆனா அம்மா இல்ல."

"எந்த இடத்துல இடிக்குது? கண்ணா, மூக்கா?"

மகள் தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சின்னதுல அம்மாவுக்கு அந்த மச்சத்துலதான் முத்தம் கொடுப்பேன். மச்சம் வலது கன்னத்துல இருக்கும். நீங்க இடது கன்னத்துல வச்சிருக்கீங்க."

"வலதுதான்" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமலே.

துருவி போனை வாங்கிப் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கல்யாணப் படம், மகளின் பள்ளிக்கூட விழா, அடையாள அட்டை. எல்லாவற்றிலும் வலது கன்னம். தன்னைத்தானே எடுத்துக்கொண்ட அந்த ஒரு படத்தில் மட்டும் இடது. அந்தப் பழைய போன், கண்ணாடியில் தெரிவதைப் போலவே முகத்தை இடவலமாக மாற்றிப் பிடித்து வைத்திருந்தது. ஊரில் உள்ள கேள்வியெல்லாம் கேட்டவள், தொழிலுக்கு வேண்டிய இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் ஊசி இறங்கியிருக்கும்.

ஊதாக் கோடுகளைத் துடைத்தாள். படத்தைப் புரட்டிப்போட்டுப் புது ஸ்டென்சில் எடுத்து ஒட்டினாள். மகள் பார்த்த மாத்திரத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுதான். இதுதான் அம்மா."

"அப்புறம் என்ன, ஆரம்பிம்மா" என்றார் மாஸ்டர்.

"மாட்டேன் சார். என் கண்ணு ஒரு தடவை ஏமாந்துடுச்சு. இனிமே நீங்க பார்க்காம ஊசியத் தொட மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல."

மாஸ்டரின் வலது கால் பிரேக்கை மிதித்தது. துருவி அதைப் பார்த்தாள். உடனே ஒரு கேள்வி வந்தது.

"சார், வண்டி ஓட்டும்போது பின்னாடி என்ன வருதுன்னு பார்க்கணும். உங்ககிட்ட கத்துக்க வர்றவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

"திரும்பவே கூடாது. கண்ணாடியிலதான்..." என்று பாடம் எடுக்கிற குரலில் ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

துருவி நிலைக்கண்ணாடியை அவருடைய இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். மாஸ்டர் மெல்லக் கண்ணைத் திறந்து, நேரே சுவரைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளு. மேல் பக்கம் சாய்ச்சு. போதும்" என்றார். முகத்தை இடது பக்கம் கொஞ்சமாகச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தார்.

மகளுக்குப் பதற்றம். "அப்பா, கண்ணாடியில மச்சம் பக்கம் மாறித் தெரியும். தப்புன்னு நினைச்சுக்காதீங்க."

"தெரியும்டா" என்றார். கண்ணை எடுக்கவில்லை. "வண்டிக் கண்ணாடியில இருபத்தாறு வருஷம் இப்படித்தான் தெரிஞ்சா."

அவள் போகவில்லை. காற்றில் முடி பறக்க, தோளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "உட்கார்ந்துட்டியா?" என்று கேட்டார்.

துருவி இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் தடவையாக அவளுக்குக் கேட்க எதுவும் இல்லை.

மாஸ்டர் முகத்தை முன்பக்கம் திருப்பி, கால் இரண்டையும் சரியாக வைத்துக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "போலாம்."