பக்கத்துக் கதிரை

1991ஆம் ஆண்டு தொடங்கி, விமலேஸ்வரி ரீச்சர் வாய் திறந்தால் அவருடைய பேச்சு பக்கத்தில் இருக்கும் ஆணின் வாயிலிருந்துதான் வந்தது. மண்ணெண்ணெய் விலை நாளுக்கு நாள் ஏறிய காலமாகையால் கிளிநொச்சியில் எவரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. முதல்முறை நடந்தது ஆசிரியர் கூட்டத்தில். மாரிக்கு முன்னம் கூரைக்குக் கிடுகு மாற்ற வேண்டும் என்று ரீச்சர் சொல்ல, பக்கத்துக் கதிரையில் அரைத்தூக்கத்தில் இருந்த பரமேஸ்வரன் மாஸ்ரரின் வாய் அதைக் கட்டைக்குரலில் சொன்னது. "மாஸ்ரர் நல்ல யோசனை சொல்லுறார்" என்றார்கள். மாஸ்ரர் திடுக்கிட்டு விழித்தார். பிறகு மீசையைத் தடவி, "ஓம், கனநாளாய் யோசிச்சு வைச்சிருந்தனான்" என்றார். அது மட்டும் அவருடைய சொந்தப் பேச்சு.

மீசை முளைக்காதவர்களிடம் இது செல்லாது. ஆகவே சின்ன வகுப்புகளில் ரீச்சர் தன் வாயாலேயே கணிதம் படிப்பித்தார்.

1996இல் ஊரே இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் ஸ்கந்தபுரம் பக்கம் பாலைமரங்களின் கீழ் நடந்தது. பள்ளிக்கூடத்தை நடத்திய பழைய அதிபர் வவுனியாவுக்குப் போய்விட்டார். அந்தக் கதிரை தனக்குத்தான் என்று ரீச்சர் நம்பினார்; பட்டமும் சேவைக்காலமும் அவரிடம்தான் இருந்தன. நேர்முகத் தேர்வுக்கு மாஸ்ரரையும் அழைத்திருந்தார்கள். இருந்ததோ ஒரே வாங்கு; இருவரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தார்கள். கல்விப் பணிப்பாளர் கேட்டதற்கெல்லாம் ரீச்சர் பதில் சொன்னார், மாஸ்ரரின் வாயால். "பிள்ளை, சும்மா வாயை அசைச்சுக்கொண்டிருந்தால் எப்பிடி? மாஸ்ரரைப் பாருங்கோ" என்றார் பணிப்பாளர். எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தார். "எழுத்து நல்ல வடிவு" என்று சொல்லி, பணிப்பாளர் அதை மடித்து ஆடிய மேசைக் காலுக்குக் கீழே செருகினார்.

அதிபரான மாஸ்ரருக்கு ஒரே ஒரு கஷ்டம். ரீச்சர் இல்லாத கூட்டத்தில் அவர் வாயில் "அது வந்து..." என்பதற்கு மேல் எதுவும் வராது. எனவே போகுமிடமெல்லாம் ரீச்சரையும் வரச்சொன்னார். காரியரில் ஏற்றினால் ஊர் கதைக்கும் என்று அவர் ஒரு சைக்கிளில் முன்னுக்கு, ரீச்சர் இன்னொன்றில் பின்னுக்கு. போகாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வராது, ரீச்சர் போனார். வன்னியிலேயே பேச்சுவன்மை மிக்க அதிபர் என்று மாஸ்ரர் பெயரெடுத்தார்.

2001இல் அவருக்குப் பிரியாவிடை. பணிப்பாளர் முன்வரிசையில் இருந்தார். இதை விட்டால் அதிபராக இனி வழியில்லை என்று ரீச்சருக்குத் தெரியும். மாஸ்ரர் எழும்பி நின்றதும், பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே, அவர் வாய்க்கு அளவாகச் சொல்லிக் கொடுத்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றது மாஸ்ரரின் வாய். "இவ்வளவு காலமும் பள்ளிக்கூடத்தை நடத்தினது விமலேஸ்வரி ரீச்சர்தான். அடுத்த அதிபர் அவாதான்."

மாஸ்ரர் வாயைப் பொத்தப் பார்த்தார். அதற்குள் சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "என்ன அடக்கமான மனுசன்!" என்று பணிப்பாளர் மேடையேறி இன்னொரு பொன்னாடை போர்த்தினார்.

அடுத்த மாதம் புது அதிபர் சின்னராசா வந்தார். அடர்ந்த மீசை. ஒருவரும் சொல்லாமலே காவலாளி நல்லதம்பி ரீச்சரின் கதிரையைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் போட்டார். ரீச்சர் அதில் அமர்ந்து வாயைத் திறந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் புது அதிபர்.

நல்ல குரல் என்று எல்லாரும் சொன்னார்கள்.