ஒன்றரை அடிச் சந்து

புத்தருக்கு அடுத்தபடியாக இந்தப் பூமியில் பற்றறுத்தவன் நான்தான். நாற்பது வருஷத் தியானத்தில் காபியை விட்டேன், கோபத்தை விட்டேன். எங்கள் வீட்டுக் கொசுகூட என்னைக் கடிக்கும் முன் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்.

எங்கள் திருநகர் ஏரியாவே இதை நம்பியது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் இன்பசேகரன் மட்டும் நம்பவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை அடிச் சந்துக்காக அவர்மேல் நான் போட்ட கேஸுக்கு வயது பத்தொன்பது.

"யோவ் ராஜாராம்! அம்புட்டையும் விட்டவனுக்கு இந்தச் சந்து எதுக்குய்யா?" என்று மதில்மேல் தலையை நீட்டிக் கத்தினார்.

"புத்தரே வந்து கேட்டாலும் உமக்கு மட்டும் விட மாட்டேன்யா!" என்று நானும் கத்தினேன். கோபமில்லை, என் குரலே அப்படி.

அன்று தியானத்தில் உட்கார்ந்தால் மூச்சு வரவில்லை, சந்துதான் வந்தது. பத்தொன்பது வருஷமாகவே அதுதான் வந்துகொண்டிருந்தது. எனக்கோ எழுபத்தாறு வயது. இன்னும் எத்தனை நாள் அதோடு உட்காருவது?

அடுத்த வாய்தாவில் கேஸை வாபஸ் வாங்க மனுக் கொடுத்தேன். இன்பசேகரன் துள்ளி எழுந்தார்.

"அம்மா, நம்பாதீங்க! இவன் எதையும் விடுற ஆளே இல்ல. இதுல என்னமோ சூது இருக்கு!"

"நீங்களே படிச்சுப் பாருங்க," என்று ஜட்ஜம்மா மனுவை அவரிடம் கொடுக்கச் சொன்னார்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை படித்தார். என்னை எரித்துவிடுவதுபோல் முறைத்தார்.

"ஆமாங்கம்மா. பாவி மனுசன், நெசமாவே விட்டுட்டான்."