ஏரோப்ளேனுக்கு வறுத்த கொட்டமுத்து

மண்டிக்காரர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி கொட்டமுத்தை அள்ளி மோந்து பார்த்தார். பிறகு சாலம்மாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வறுத்திருக்கியா?"

"ஆமாங்க. அத்தனையும் பதமா வறுத்துட்டனுங்க," என்றாள் சாலம்மாள், பெருமை தாங்காமல்.

பெருமை இருக்காதா பின்னே? சித்தேரி மலையில் கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விதையை வீட்டில்தான் எண்ணெயாக்குவார்கள். வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்து எடுத்தால் விளக்குக்கும் ஆச்சு, தலைக்கும் ஆச்சு. போன வருஷம் மண்டி ஆள் மலையேறி வந்து, சண்டைக்குப் போகிற ஏரோப்ளேன் இஞ்சினுக்கு இந்த எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்களாம், கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போகிறதாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நம்ம காட்டில் காய்த்தது ஆகாயத்தில் பறப்பதென்றால் சும்மாவா! ஏரோப்ளேன்காரன் பாவம், சண்டைக்கு நடுவில் விறகுக்கு எங்கே அலைவான் என்று இரக்கப்பட்டு, அடுப்படியில் வெந்து மொத்தத்தையும் வறுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சாமை விளைந்த கீழ்க்காட்டில் கொட்டமுத்தைப் போட வைத்ததும் அவள் பிடிவாதம்தான். புருஷன் ஆண்டி அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டான். இது கவிழ்ந்தால் இனிமேல் காட்டு விஷயத்தில் நீ வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தான்.

கவிழ்ந்தேவிட்டது. மிஷினில் பச்சைக் கொட்டையைத்தான் ஆட்டுவார்கள், வறுத்ததைக் கப்பல்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான் என்று சொல்லி, மண்டிக்காரர் மூட்டைகளை வெளியே தள்ளச் சொன்னார்.  ஆண்டி பொதிமாட்டின் மேல் மூட்டைகளைத் திரும்ப ஏற்றினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை வலித்திருக்காது.

அரூர்ச் சந்தை ஓரத்தில் ரோசம்மாளின் இட்லிக் கடை. தண்ணீர் குடிக்க இருவரும் அங்கே ஒதுங்கினார்கள். பர்மாவை ஜப்பான்காரன் பிடித்தாலும் பிடித்தான், சொட்டு சீமெண்ணெய் கண்ணில் காட்டுவதில்லை, பொழுது சாய்ந்தால் கடையை மூட வேண்டியதுதான், ஊரே இருட்டில் கிடக்கிறது என்று ரோசம்மாள் பொருமிக்கொண்டிருந்தாள்.

சாலம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். 

"அக்கா, உரலு இருக்குதுங்களா?"

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வறுத்த சரக்குதானே, நேரே உரலில் கொட்டி இடித்தாள். இட்லிச் சட்டியை ஏற்றினாள். ஆண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அடுப்பில் விறகைத் தள்ளினான். வழித்த எண்ணெயைக் காய்ச்சி அகலில் ஊற்றித் திரி போட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. சுடர் நின்று எரிந்தது. அவ்வளவுதான், புட்டியும் சொம்புமாகச் சனம் மொய்த்துவிட்டது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூட்டையின் அடியைத் தடவியபோதுதான், விதைக்கு ஒரு பிடிகூட வைக்காமல் அத்தனையையும் வறுத்துத் தொலைத்தது அவளுக்கு உறைத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டி ஆளும் ஒரு பித்தளைத் தூக்கோடு வந்து நின்றான். மண்டியிலும் விளக்கில்லை.

"காசு வேணாங்க," என்றாள் சாலம்மாள். "பச்சக் கொட்டமுத்து குடுக்கச் சொல்லுங்க. வெதைக்கு."

அவன் போய்க் கேட்டு, ஒரு முறம் நிறையக் கொண்டு வந்தான். ஆண்டி எழுந்து தோள் துண்டை விரித்து அதை வாங்கிக்கொண்டான். மண்டியை விட்டு வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"ஏ புள்ள, இத எந்தக் காட்டுல போடறது?"

சட்டியில் நுரை பொங்கி வந்தது. சாலம்மாள் அகப்பையை விடாமல் எண்ணெயை வழித்துக்கொண்டிருந்தாள். துண்டின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தபடி ஆண்டி அவள் முகத்தையே பார்த்து நின்றான்.