உள்வேர்

மரத்தின் பட்டையில் காதை ஒட்டிவைத்து, மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். டொம் என்றது. காலிக் குடத்தைத் தட்டினாற்போல அப்படியொரு சத்தம். பெயிண்ட் டப்பாவைத் திறந்து அடிமரத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நடந்தாள்.

எஸ்டேட் பங்களா இடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மிச்சமிருப்பது பங்களாவுக்குப் பின்னாலிருந்த இந்தக் காடு மட்டும்தான். இடத்தை வாங்கியவர்கள் பூங்கா போடப்போகிறார்கள். நல்ல மரம் நிற்கலாம், பொந்து விழுந்தது எவன் தலையிலாவது சாயும், வெட்டிவிடு என்று உத்தரவு. தட்டிப் பார்த்துக் குறி போடுவது அவள் வேலை, குறி போட்டதை வெட்டுவது அவள் புருஷன் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். போட்ட குறியை அவள் அழித்ததில்லை. அவனும் ஏன் என்று கேட்டதில்லை. “எங்க டாக்டரம்மா சொன்னா சொன்னதுதான்” என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

போனவள் பேசாமல் போயிருக்கலாம். சும்மா இருப்பாளா? திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மரங்களெல்லாம் சோர்ந்து நிற்க, குறி வாங்கிய மரத்தில் மட்டும் உச்சிவரைக்கும் புதுத் தளிர்.

“வயித்துல ஒண்ணுமில்லாதவளுக்கு எதுக்குடி இத்தனை அலங்காரம்?” என்று மரத்தையே கேட்டாள்.

பின்பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. பாம்போ பூரானோ என்று நெஞ்சு திக்திக்கென்றாலும் கையை விட்டாள். பிழிந்த டீத்தூள்போல ஈரமாக மக்கிய மரத்தூள். இன்னும் உள்ளே, மணிக்கட்டுப் பருமனில் என்னவோ தட்டுப்பட, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பாம்பு இப்படி நெட்டுக்குத்தலாக நிற்குமா? மறுபடி விட்டாள். மேலேயிருந்து இறங்கி மண்ணுக்குள் போனது அது. நகத்தால் கீறி முகர்ந்தாள். பச்சை வாசனை.

வேர். மரம் தன் வயிற்றுக்குள்ளேயே வேர் விட்டு, தான் மக்கியதைத் தானே தின்றுகொண்டிருக்கிறது.

“அடிப்பாவி!” என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

முன்பக்கம் மோட்டார் ரம்பம் உறுமியது. விழுந்தடித்து ஓடினாள்.

“நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!”

புருஷன் ரம்பத்தை அணைத்தான். “என்ன, தேள் கொட்டிடுச்சா?”

“இது வேணாங்க. சத்தத்த மட்டும் நம்பி அவசரப்பட்டுட்டேன்.”

“அப்ப பொந்து இல்லையா?”

“பொந்துதான். ஆனா உள்ள உசிரோட வேர் இறங்கியிருக்கு.”

“அந்த வேர் இம்மாம்பெரிய மரத்தத் தாங்குமா? நாளைக்கு ஏதாவது கொழந்த கீழ நிக்கும்போது சாஞ்சா, யாரு பதில் சொல்றது?”

நியாயமான கேள்விதான்.

“தெரியலங்க.”

“தெரியலயா? உனக்கா?”

இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. ரம்பத்தைக் கீழே வைத்தான்.

“நீங்களே கைய விட்டுப் பாருங்க.”

முணுமுணுத்தபடி கையுறையைக் கழற்றிவிட்டுத் தோள்வரைக்கும் கையை நுழைத்தான். கன்னம் பட்டையில் அழுந்தியது. “ஆமா, இருக்கு. இருந்தா என்ன?” என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று வந்தது. உச்சிக்கிளைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

“ஏய்… இறுகுதுடி.”

“என்னது?”

“காத்துல மரம் சாயுதுல்ல, இது உள்ள விறைச்சுக்குது. புடிச்சு நிறுத்தற மாதிரி.”

“நெஜமாவா? நகருங்க, நான் பாக்கறேன்.”

“இரு, இரு. இன்னொரு காத்து வரட்டும்.”

அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் தோளோரமாகவே தன் கையையும் நுழைத்தாள். இலைகள் அசையாமல் நின்றன. இருவரும் ஆளுக்கொரு கன்னத்தை மரத்தில் வைத்து, கண்ணை மட்டும் மேலே உயர்த்தி, உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.